அண்ணன் வாங்கிய ஹுவாங் லியான் வேர்ச்சாறு: சர்க்கரைக்கு நம்பி எடுக்கலாமா?

மேகலா_செங்காங்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சாப்பிடுகிறார். கொழுப்புக்கு இரவில் அடோர்வாஸ்டேட்டின். கடைசியாகப் பார்த்தபோது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.1 விழுக்காடு. மருந்தைக் கூட்ட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அவருக்கு மனம் சரியில்லை.

இப்போது இணையத்தில் ஒரு புட்டி வரவழைத்திருக்கிறார். சீன மருத்துவத்தின் ஹுவாங் லியான் வேரிலிருந்து எடுத்த சாறாம். ஒரு காப்ஸ்யூலில் அந்த வேரில் உள்ள பெர்பெரின் என்ற வேதிப்பொருள் 500 மில்லிகிராம், தினம் மூன்று என்று போட்டிருக்கிறது. "சீனர்கள் இரண்டாயிரம் ஆண்டாகச் சாப்பிடும் வேர். இதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" என்கிறார். போகப் போக மெட்ஃபார்மினையே நிறுத்திவிடலாம் என்பது அவர் எண்ணம். அண்ணி பயந்துபோய் என்னிடம் சொன்னார். நான் வாயைத் திறந்தால் சண்டையில் முடிகிறது. ஆனால் விவரத்தோடு சொன்னால் கேட்கக்கூடிய மனிதர்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயலூரான்

மேகலா, இவ்வளவு பதற்றம் வேண்டாம். ஹுவாங் லியான் நேற்று முளைத்த சரக்கு அல்ல. ஹான் அரச காலத்து மருத்துவர் ஜாங் ஜொங்ஜிங் தொகுத்த மருந்து முறைகளிலேயே அது இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு அவர் சொன்ன கூட்டு மருந்தைச் சீன மருத்துவர்கள் இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

பழம்பெருமை மட்டும் பேசவில்லை. 2008இல் ஷாங்காய் மருத்துவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட 36 பேரில் ஒரு பகுதியினருக்குப் பெர்பெரின், மற்றவர்களுக்கு மெட்ஃபார்மின். இரண்டுமே 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். பெர்பெரின் எடுத்தவர்களின் மூன்று மாதச் சராசரி 9.5இலிருந்து 7.5க்கு இறங்கியது. மெட்ஃபார்மினுக்கு அது சளைக்கவில்லை. மெட்ஃபார்மினும் ஒரு செடியின் வழி வந்ததுதானே? ஐரோப்பாவில் கலேகா என்ற செடியைப் பற்றிய ஆராய்ச்சிதான் அந்த வகை மருந்துகளுக்கு வழி காட்டியது. செடியிலிருந்து மேற்கு எடுத்தால் மருந்து, கிழக்கு எடுத்தால் மூடநம்பிக்கையா? உங்கள் அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அமுதன்_மருந்தாளர்

மேகலா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்தக் கூடாது. அண்ணன் எடுக்கும் மூன்று மருந்துகளில் எனக்குக் கவலை தருவது கிளைமிபிரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. கல்லீரலில் அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதியைப் பெர்பெரின் மட்டுப்படுத்தும். அப்படியானால் கிளைமிபிரைடு உடலில் வழக்கத்தைவிட அதிக நேரம் தங்கக்கூடும். பெர்பெரின் தன் பங்குக்கும் சர்க்கரையைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. அடோர்வாஸ்டேட்டினுக்கும் இதே வகைக் கவலை இருக்கிறது. அதைச் சிதைப்பது வேறொரு நொதி, அதையும் பெர்பெரின் தடுக்கும். அண்ணன் காப்ஸ்யூலைத் தொடங்கிவிட்டாரா?

வயலூரான் ஐயாவுக்கு: ஷாங்காய் ஆய்வை நீங்கள் சொன்னது சரி, எண்களும் சரி. ஆனால் அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. பெர்பெரின் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், வயிற்று உப்புசம் என்று ஏதோ ஒரு குடல் தொல்லை வந்தது. மூன்று மாதத்துக்கு அப்பால் என்ன நடக்கும் என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. மெட்ஃபார்மினை நம்புவதற்குக் காரணம் அது மேற்கிலிருந்து வந்தது என்பதல்ல. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் 1998இல் வந்தன. உடல் பருமன் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு மெட்ஃபார்மின் கொடுத்தபோது மாரடைப்பும் மரணமும் குறைந்ததை அது காட்டியது. பெர்பெரினுக்கு அந்த அளவு நீண்ட சோதனை இல்லை.

இனி "இரண்டாயிரம் ஆண்டு" என்ற வாதம். அண்ணனிடம் ஒரு கணக்கைக் காட்டுங்கள். சீன அரசின் மருந்துநூல் ஹுவாங் லியானுக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் அளவு 2 முதல் 5 கிராம் உலர்ந்த கிழங்கு. அதில் பெர்பெரின் குறைந்தது 5.5 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அதே நூலின் விதி. இந்தக் கணக்கில் 3 கிராமில் இருப்பது 165 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் அது முழுவதும் நீரில் இறங்கிவிடாது. அண்ணனின் புட்டி சொல்வதோ நாளுக்கு 1500 மில்லிகிராம். அதைக் கிழங்காகத் திருப்பினால் 27 கிராம். நல்ல சரக்கில் பெர்பெரின் இன்னும் கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் 20 கிராம் வரும். எந்தச் சீன வைத்தியரும் ஒருவருக்கு அத்தனை ஹுவாங் லியானை நாள்தோறும், மாதக்கணக்கில் எழுதித் தர மாட்டார். ஆக, அண்ணன் கையில் இருக்கும் பொருளுக்கு இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் கிடையாது. அதற்கு இருப்பது சில பத்தாண்டு ஆய்வு அனுபவம்தான். அந்த ஆய்வுகளை வைத்து அதை எடைபோடலாம், தவறில்லை. பாட்டன் காலத்து வேரின் நற்பெயரை அதற்கு இரவல் கொடுக்கக் கூடாது.

சோங்சிங்_பழைய_மாணவன்

அமுதன் ஐயா சொன்ன கணக்கைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் எம்பிபிஎஸ் படித்தது சீனாவின் சோங்சிங் நகரில். எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்கும் சீன மருத்துவம் ஒரு பாடமாக உண்டு. அந்த நகராட்சிக்கு உட்பட்ட ஷிஜு மாவட்டம்தான் ஹுவாங் லியானுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வந்த சக மாணவன் ஒருவனின் குடும்பத்துக்கு இதுதான் விவசாயம்.

மலைச் சரிவில், ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல், வெயில் நேராகப் படாத இடத்தில்தான் வளரும். அதற்காகவே பந்தல் போட்டு நிழல் கட்டுவார்கள். நட்டு ஐந்து ஆண்டாவது காத்திருந்துதான் தோண்டுவார்கள். மண்ணோடு உலர்த்தி, உருட்டிப் புடைத்து, சல்லிவேர்களையும் மண்ணையும் நீக்கிய பிறகு கிடைப்பது விரல் நீளத்துக்குக் கோணல்மாணலாகக் கிளைத்த கிழங்குக் கொத்து. சந்தையில் அதைக் கோழிக்கால் என்றே சொல்வார்கள். வெளியே பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், சொரசொரப்பு. ஒடித்தால் உள்ளே பளிச்சென்று ஆரஞ்சு கலந்த மஞ்சள். ஆய்வகத்தில் எங்களை ஒரு துணுக்கு மெல்லச் சொன்னார்கள். எச்சில் மஞ்சளாகிவிடும், அதுவும் சரக்கை அடையாளம் காணும் சோதனைகளில் ஒன்று. அந்தக் கசப்பை நிலவேம்போடு வளர்ந்த நானே தாங்கவில்லை. ஊமை ஹுவாங் லியான் தின்றதைப் போல என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. பட்ட துன்பத்தை வெளியே சொல்லவும் முடியாமல் தவிப்பவனைப் பற்றியது.

மருத்துவமனையின் சீன மருத்துவப் பிரிவில் நான் பார்த்தவரை, ஹுவாங் லியானைத் தனியாக எழுதிக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. ஹுவாங் ச்சின் வேர், ஹுவாங் பாய் மரப்பட்டை, கார்டீனியா காய் ஆகியவற்றோடு சேர்ப்பார்கள். இல்லையென்றால் இஞ்சியோடு. கசப்பும் குளிர்ச்சியுமான சரக்கு என்பது அவர்கள் வகைப்பாடு. உடலில் வெப்பம் மிகுந்தவருக்குத்தான் அது. வயிறு பலவீனமானவருக்கு, எப்போதும் குளிர்கிறது என்பவருக்கு, பேதி தளர்வாகப் போகிறவருக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தாலும் நீண்ட நாள் தொடர மாட்டார்கள். குளிர்ச்சியைத் தணிக்கக் கிழங்கை மதுவிலோ இஞ்சிச் சாற்றிலோ புரட்டி வறுத்து வைத்திருப்பார்கள். எந்த நோய்க்கு எந்த வறுவல் என்பதற்கும் விதி உண்டு.

சுடவைக்கும்போது நடக்கும் ஒன்றையும் பார்த்திருக்கிறேன். ஹுவாங் லியானையும் ஹுவாங் ச்சின்னையும் ஒரே பானையில் கொதிக்க வைத்தால் தெளிந்த மஞ்சள் நீர் கலங்கி, அடியில் வண்டல் இறங்கும். பெர்பெரினும் ஹுவாங் ச்சின்னில் உள்ள பைகாலினும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத பொருளாகிவிடுவதுதான் காரணம். அந்தக் கசாயத்தில் பெர்பெரின் உடலுக்குள் போகும் விதமே வேறு. வடிகட்டித் தூளாக்கிய தனிப் பெர்பெரினோடு அதை எப்படி ஒப்பிடுவது?

தனிப் பெர்பெரினும் சீனாவில் மூலைக்கு மூலை கிடைக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கொடுப்பார்கள். சிறிய மஞ்சள் மாத்திரை, 100 மில்லிகிராம். விடுதியில் யாருக்காவது பேதி என்றால் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான். இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும், மாத்திரையையும் நிறுத்திவிடுவோம். எனக்குத் தெரிந்த சீனக் குடும்பங்களில் அது பேதி மாத்திரை. அவ்வளவுதான்.

நாகை_சித்த_மருத்துவர்

நல்ல உரையாடல். அமுதன் அவர்களின் கணக்கை வரவேற்கிறேன்; ஆனால் அது மரபின் பக்கம் நிற்கும் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மரபு மருத்துவத்தைத் திட்டுகிறவர்களும் புட்டி விற்பவர்களும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். வேரிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, அதுதான் அந்த மருந்து என்கிறார்கள். எங்களிடம் மரமஞ்சள் இருக்கிறது. அதன் தண்டிலும் பெர்பெரின் உண்டு. புண் கழுவ, கண் நோய்க்கு, காய்ச்சலுக்கு, நீரிழிவுக்கான குடிநீர்க் கூட்டுகளில் என்று பல இடத்தில் சேர்க்கிறோம். எந்த அளவில், எந்த அனுபானத்தோடு (தேன், பால் போல மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது), யாருக்கு, எத்தனை நாள் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் மருந்து. வரையறை இல்லாமல் தினம் மூன்று என்று போடுவது எந்த மரபும் அல்ல.

இன்னொரு வருத்தமும் உண்டு. தென்னாட்டில் நாங்கள் மரமஞ்சளாகப் பயன்படுத்தும் கொடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் வளர்வது. வளர்ந்து பயன்தரப் பல்லாண்டுகள் ஆகும். வெட்டி வெட்டி அருகிவிட்டது. வடக்கே இமயமலையில் கிடைக்கும் முட்செடி வேறு வகை. அதிலும் பெர்பெரின் இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் மிஷ்மி மலைகளில் ஹுவாங் லியானின் நெருங்கிய உறவான மிஷ்மி தீத்தா என்ற செடி இருக்கிறது. அதுவும் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதும் உடல் இளைக்க என்று பெர்பெரின் காப்ஸ்யூல் வாங்கத் தொடங்கினால் அதன் சுமை இந்த மலைகளின் மேல்தான் விழும்.

வயலூரான்

மருத்துவர் ஐயா சொல்வது முழுக்கச் சரி. அமுதன் தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சிங்கப்பூரில் ஹுவாங் லியானை 1978இல் தடை செய்தார்கள் அல்லவா? சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் சீன மூலிகைக்கே தடை. பிறகு 2010களில் தளர்த்திவிட்டார்கள். கெட்டதாக இருந்தால் ஏன் தளர்த்தினார்கள்? நல்லதாக இருந்தால் அத்தனை காலம் ஏன் தடுத்தார்கள்? இதை நவீன மருத்துவத்தின் பிடிவாதம் என்று நான் நினைக்கிறேன்.

பூங்கொடி_ஈசூன்

வயலூரான் ஐயா, இதற்கு நான் பதில் சொல்கிறேன். தடையின் மறுபக்கம் எங்கள் வீட்டில் இருக்கிறது.

என் இளைய மகனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனையில் கூடுதல் நாள்கள் வைத்துப் பார்த்து, மஞ்சள் காமாலை ஏறவில்லை என்று உறுதியான பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். தவிர்க்க வேண்டிய மாத்திரைகளின் பெயர், பாச்சை உருண்டை, ஃபாவா பீன்ஸ், அதற்குக் கீழே சீன மூலிகைகளின் பட்டியல். அதில் முதலில் இருந்தது ஹுவாங் லியான். முத்துப்பொடியும் அதில் உண்டு. நாங்கள் தமிழ்க் குடும்பம், நமக்கு எதற்குச் சீன மூலிகைப் பட்டியல் என்று மாமியார் கேட்டார். அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி என் மகனைத் தன் பேரனைப் போலப் பார்ப்பவர். பச்சைக் குழந்தைக்கு அவர் அன்பாக எதையாவது கரைத்துக் கொடுத்துவிடக்கூடும் என்பதால் அந்த அட்டையை அவரிடமே காட்டினேன். அவர் உடனே தலையாட்டினார். அவருடைய காலத்தில் பிறந்த குழந்தையின் உடலில் இருக்கும் கருப்பைச் சூட்டை எடுக்க இந்தக் கசாயத்தை வாயில் தடவுவார்களாம். சில குழந்தைகள் மஞ்சள் பூத்துப் போனதை அவரே கண்டிருக்கிறார்.

அதனால் அந்தத் தடையைப் பிடிவாதம் என்று சொல்ல என்னால் முடியாது.

அமுதன்_மருந்தாளர்

நன்றி, பூங்கொடி அக்கா. வரலாற்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வயலூரான் ஐயாவின் கேள்வி நல்ல கேள்வி.

1950களிலும் 60களிலும் சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வருவது பெரிய துயரமாக இருந்தது. இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகும். அது அளவுமீறி மூளைக்குள் இறங்கினால் குழந்தை இறக்கலாம். பிழைத்தால் காது கேளாமை, கை கால் முறுக்கு என்று வாழ்நாள் முழுவதும் ஊனம். குழந்தை மருத்துவர் வோங் ஹாக் பூன் போன்றவர்கள் இதில் ஜி6பிடி குறைபாட்டின் பங்கைக் கண்டறிந்தார்கள். 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதனை தொடங்கியது. இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளுக்கே அதிகம், அவர்களுக்குத் தாய் வழியாகக் கடத்தப்படும். தெற்காசியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் உண்டு, சீனர்களுக்கு மட்டும் உரியதல்ல.

ஹுவாங் லியான் இதில் எப்படி வருகிறது? சிவப்பணுக்களை அது நேராக உடைக்கிறது என்பதற்கான சான்று பலவீனமானது. வலுவான சான்று வேறிடத்தில் இருக்கிறது. பிலிருபின் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். ஒட்டியிருக்கும்வரை மூளைக்குள் எளிதாக நுழையாது. பெர்பெரின் அந்த இடத்திலிருந்து பிலிருபினைத் தள்ளிவிடுகிறது என்று ஆய்வகச் சோதனைகளிலும் எலிகளிலும் கண்டார்கள். ஏற்கெனவே மஞ்சள் ஏறிய, பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு இது ஆபத்தான விளையாட்டு. பெரியவருக்கு அப்படியல்ல, அவருடைய கல்லீரல் பிலிருபினை அப்புறப்படுத்திவிடும்.

இப்போது தடை ஏன் வந்தது, ஏன் தளர்ந்தது என்பது விளங்கும். வந்தபோது வீட்டுக்கு வீடு பச்சிளங்குழந்தைக்குக் கசாயம் புகட்டும் பழக்கம் இருந்தது. தளர்ந்தபோது எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனை, மஞ்சளுக்கு நீல ஒளிச் சிகிச்சை, பதிவு பெற்ற சீன மருத்துவர்கள், கட்டுப்பாட்டுக்குள் வந்த தயாரிப்புகள் எல்லாம் வந்துவிட்டன. கிழங்கு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த நிலைமை மாறியது. குழந்தைக்கும் கருவுற்றவருக்கும் பாலூட்டுபவருக்கும் அது இன்றும் ஆகாது.

யாழ்வாசகி

அமுதன், நீங்கள் கடைசியில் எழுதியது என்னை யோசிக்க வைக்கிறது. இலங்கையில் எங்கள் வீடுகளில் தடிமன் காய்ச்சல் என்றால் மரமஞ்சளும் கொத்தமல்லியும் போட்டு அவித்துக் குடிப்போம். சிங்களத்தில் வெனிவெல்கெட்ட என்பார்கள். ஆணி குத்தினால், வெட்டுக்காயம் பட்டால் ஏற்பு (டெட்டனஸ்) வராமல் இருக்க அதைக் குடிக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. என் தங்கை இப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அம்மா இதைத்தான் அவித்துக் கொடுக்கிறா. நிறுத்தச் சொல்லட்டுமா?

நாகை_சித்த_மருத்துவர்

அம்மா, தங்கைக்கு இப்போதைக்கு மரமஞ்சள் வேண்டாம். கொத்தமல்லியும் இஞ்சியும் மட்டும் போதும். காய்ச்சல் இருந்தால் மகப்பேற்று மருத்துவரிடம் காட்டுங்கள். காயத்துக்கு ஏற்பு ஊசி தவிர வேறு எதையும் நம்பியிருக்கக் கூடாது. ஏற்பு வந்துவிட்டால் குடிநீர் காப்பாற்றாது. கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசியை எப்படியும் போடுவார்கள். போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேகலா_செங்காங்

எல்லோருக்கும் நன்றி. அமுதன் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் விடை கிடைத்தது. அண்ணன் காப்ஸ்யூலைத் தொடங்கிவிட்டார், எங்களிடம் சொல்லவில்லை. எல்லா மருந்தையும் அதோடு சேர்த்தே எடுத்துவந்திருக்கிறார். நேற்றுக் காலை நடைப்பயிற்சியில் கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, கண் இருண்டு உட்கார்ந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் சர்க்கரை 3.6 (மில்லிமோல் கணக்கில்; மில்லிகிராம் கணக்கில் சுமார் 65). "பார், எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது" என்று அண்ணியிடம் மகிழ்ச்சியாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த இழையை அவரிடம் கொடுத்தேன். 27 கிராம் கணக்கைப் படித்தவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவர் கேட்டவை: ஒன்று, கொழுப்புக்கு இது நல்லது என்று படித்தேனே, அதுவும் பொய்யா? இரண்டு, இது உடலில் சேர்வதே இல்லை என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறதே, சேராத மருந்து எப்படிச் சர்க்கரையை இறக்கியது?

அமுதன்_மருந்தாளர்

மேகலா, 3.6 என்பது தாழ்நிலை. மருந்து நன்றாக வேலை செய்ததன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நடைபாதையில் விழுந்திருந்தாலோ, அதே நேரம் வண்டி ஓட்டியிருந்தாலோ என்ன ஆகியிருக்கும் என்பதை அண்ணனே நினைத்துப் பார்க்கட்டும். காப்ஸ்யூலை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவரை இன்றோ நாளையோ பார்க்க வேண்டும். அடுத்த மாத முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அவருடைய கேள்விகள் இரண்டும் சரியான கேள்விகள். கொழுப்பு பற்றிப் படித்தது பொய்யல்ல. 2004இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், பெர்பெரின் மட்டும் எடுத்த 32 பேருக்கு மூன்று மாதத்தில் கெட்ட கொழுப்பு 25 விழுக்காடு குறைந்தது. அடோர்வாஸ்டேட்டின் செய்வதிலிருந்து வேறுபட்ட வழியில் அது வேலை செய்கிறது. கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து இழுக்கும் கல்லீரல் ஏற்பிகள் கூடுதலாக உண்டாக அது உதவுகிறது. 2020இல் வந்த இன்னொரு சீன ஆய்வு இதைவிடப் பெரியது. பெருங்குடலில் கட்டி நீக்கப்பட்ட 1108 பேரில் ஒரு பாதிக்குப் பெர்பெரின் 300 மில்லிகிராம், இரு வேளை; மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. கட்டி திரும்ப வந்தது பெர்பெரின் தரப்பில் 36 விழுக்காட்டினருக்கு, வெற்று மாத்திரை தரப்பில் 47 விழுக்காட்டினருக்கு. நான் மதிக்கும் ஆய்வு அது. இந்தப் பொருளில் சத்து இருக்கிறது. அதனால்தான் மற்ற மருந்துகளோடு மோதும் வலுவும் இருக்கிறது. ஒன்றும் செய்யாத தூளாக இருந்திருந்தால் நேற்று அண்ணனுக்கு வியர்த்திருக்காது.

சேர்வதில்லை என்பதும் பாதி உண்மை. விழுங்கியதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே அப்படியே இரத்தத்துக்குப் போகிறது. மீதி குடலில் தங்கி அங்கேயே வேலை செய்கிறது. குடல் பாக்டீரியா அதை எளிதாக உறிஞ்சப்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. பேதிக்கு அது கேட்பதும் வயிற்றுத் தொல்லை தருவதும் பெரும்பகுதி குடலிலேயே தங்குவதால்தான். வங்கதேசத்தில் 1987இல் வந்த ஆய்வில் ஈ. கோலை கிருமியால் வந்த பேதியில் ஒரே வேளை 400 மில்லிகிராமுக்கு நல்ல பலன் தெரிந்தது. காலராவில் பலன் சொற்பம்.

புட்டியைப் பற்றியும் ஒரு சொல். 2018இல் அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 15 பெர்பெரின் தயாரிப்புகளைச் சோதித்தபோது 9 தயாரிப்புகளில் அட்டையில் சொன்ன அளவுக்கும் உள்ளே இருந்த அளவுக்கும் பொருந்தவில்லை. ஒரு புட்டியில் குறைவாக இருந்து, அடுத்த புட்டியில் சரியாக இருந்தால், ஒரே காப்ஸ்யூலை விழுங்கிக்கொண்டே அளவு தாறுமாறாக மாறும். கிளைமிபிரைடு எடுப்பவருக்கு அது சிறிய விஷயமல்ல.

வயலூரான்

மேகலா, அண்ணன் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. கிளைமிபிரைடோடு இது ஆகாது என்பதை ஏற்கிறேன். ஆனால் அமுதன் தம்பி, ஒன்றை நீங்களும் ஏற்க வேண்டும். அந்த மனிதர் புட்டியை ஏன் மறைத்துச் சாப்பிட்டார்? மருத்துவரிடம் மூலிகை என்று சொன்னாலே முகம் மாறிவிடுகிறது. கேலியாகப் பேசி அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் மக்கள் ஒளிக்கிறார்கள். மருத்துவர்கள் பொறுமையாகக் கேட்டால் இப்படி நடக்காது.

அமுதன்_மருந்தாளர்

முழு மனத்தோடு ஏற்கிறேன், ஐயா. மருந்து வாங்க வருபவரிடம் "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று மட்டும் கேட்டால் எதுவும் இல்லை என்பார்கள். கசாயம், லேகியம், சீன மருந்து, இணையத்தில் வாங்கிய காப்ஸ்யூல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும். உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் அளவைப் பெர்பெரின் உயர்த்திவிடும். அவர்கள் ஒளித்தால் சிறுநீரகமே போய்விடலாம். கேட்பது எங்கள் கடமை.

சோங்சிங்_பழைய_மாணவன்

நான் பயிற்சி செய்த மருத்துவமனையில் இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தன. சர்க்கரை நோயாளியின் கோப்பில் கசாயச் சீட்டும் இன்சுலின் அளவும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டுத்தான் எழுதுவார். நம் ஊரிலும் அப்படி வந்தால் நன்றாக இருக்கும்.

மேகலா_செங்காங்

அண்ணன் காப்ஸ்யூலை நிறுத்திவிட்டார். நாளைக் காலை மருத்துவரைப் பார்க்கிறோம், நானும் கூடப் போகிறேன். மெட்ஃபார்மினைத் தொடர்கிறார். இன்று இரவு எதையாவது கவனிக்க வேண்டுமா?

அமுதன்_மருந்தாளர்

கிளைமிபிரைடை நாளைக் காலை வழக்கம்போல எடுக்கலாமா என்று மருத்துவமனைக்கு இன்றே தொலைபேசியில் கேளுங்கள், நேற்று 3.6 வந்ததைச் சொல்லுங்கள். இரவு உணவைத் தவிர்க்க வேண்டாம். படுக்கும் முன் ஒரு முறை சர்க்கரை பாருங்கள். 4க்குக் கீழே இருந்தாலோ, நடுக்கம், வியர்வை, குழப்பமான பேச்சு வந்தாலோ மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ கொஞ்சம் சாப்பிடட்டும், ஏனென்றால் கிளைமிபிரைடால் வந்த தாழ்நிலை மறுபடி வரக்கூடும். விழுங்க முடியாத அளவு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். அண்ணி அவர் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளட்டும். புட்டியை எறிந்துவிடாதீர்கள், அட்டையோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், எந்த நாளில் தொடங்கினார் என்பதையும் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.